பிளேடிலிருந்து தொடங்கு

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று பேண்ட் சா மெஷின்களின் விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். 10 இன்ச் சிறியது ஒன்று, 14 இன்ச் புதியது ஒன்று, பட்டறையை மூடுகிறவர் விற்கும் 18 இன்ச் பழையது ஒன்று. எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நீ செய்ய நினைக்கும் வேலைகளுக்கு 14 இன்ச் மெஷின்தான் சரி. ஏன் என்பதையும் விளக்கமாகவே எழுதுகிறேன். கடையில் நிற்கும்போது வேறு ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள். அப்போது நீயே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

விற்பவர்கள் வீல் அளவையும் ஹெச்பியையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நீ பிளேடிலிருந்து தொடங்கு. ஒரு மெல்லிய எஃகுப் பட்டையை இழுத்துப் பிடித்து, ஆடாமல் நேராக ஓட்டுவதற்காகத்தான் அந்த வார்ப்பிரும்புச் சட்டம், இரண்டு வீல், மோட்டார், மேசை எல்லாமே இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி இந்த மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அது பட்டறைகளுக்கு வந்து சேரவில்லை. பட்டையின் இரண்டு முனைகளையும் அறுந்துபோகாதபடி ஒட்ட யாருக்கும் தெரியவில்லை. 1846-இல் பிரான்சில் ஆன் போலின் கிரெப்பின் என்ற பெண்மணி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது வேலைக்கு உதவும் மெஷினாயிற்று. கடைக்காரர்கள் உன்னை விட்டுவிட்டு உன் அப்பாவிடமே பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு அந்த அம்மையார்தான் நினைவுக்கு வந்தார். நீ கேட்க வேண்டியதைத் தயங்காமல் கேள்.

பிளேடு ஓயாமல் வளைந்து நிமிர்கிறது. 14 இன்ச் மெஷினில் பிளேடின் நீளம் பெரும்பாலும் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மரம் அறுக்கும் மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 அடி வேகத்தில் ஓடும். அப்படியானால் பிளேடின் ஒவ்வொரு பல்லும் நிமிடத்துக்கு 380 முறைக்கு மேல் சுற்றி வருகிறது. சுற்றுக்கு இரண்டு முறை வளைகிறது. வீல் சிறியதாக ஆக வளைவு கடுமையாகும், பிளேடு சீக்கிரம் கீறல் விட்டு அறுந்துபோகும். 10 இன்ச் மெஷினை நான் வேண்டாம் என்பதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் உயரம். அந்த அளவு மெஷின்களில் நாலிலிருந்து ஆறு இன்ச் உயர மரம்தான் நுழையும், மோட்டாரும் அரை ஹெச்பி அளவில்தான் இருக்கும். பெட்டி, பொம்மை, வளைவான சின்ன வேலைகள் மட்டும் செய்பவருக்கு அது போதும். நீ பழைய உத்தரங்களைப் பலகையாகப் பிளக்கப் போகிறேன் என்கிறாய்.

14 இன்ச் என்பது வீலின் விட்டம். பிளேடுக்கும் சட்டத்துக்கும் நடுவே பதின்மூன்றரை இன்ச் அளவு இடம் கிடைக்கும். ஆனால் அதே 14 இன்ச்சில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அமெரிக்காவில் டெல்டா கம்பெனி பிரபலமாக்கிய பழைய வார்ப்பிரும்பு மாதிரி. அதில் ஆறு இன்ச் உயரம்தான் அறுக்கலாம். நடுவில் ஒரு கட்டையைச் சேர்த்து 12 இன்ச் ஆக்கிக்கொள்ளலாம் என்பார்கள். உயரம் கூடும், ஆனால் சட்டத்தின் பலம் கூடாது. இன்னொன்று, தகட்டை மடித்துப் பெட்டி போலச் செய்த எஃகுச் சட்டம். அது 10 இன்ச்சுக்கும் மேல் இடம் தரும், பிளேடை நன்றாக இழுத்து இறுக்கினாலும் வளைந்து கொடுக்காது. உனக்கு இரண்டாவது ஜாதியைத்தான் சொல்வேன். விவரத்தாளில் முக்கால் இன்ச் பிளேடு போடலாம் என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதே. போடலாம், ஆனால் அதற்கு வேண்டிய இழுவிசையை அந்த ஸ்பிரிங் தருமா என்பதுதான் கேள்வி. தொய்ந்த கொடிக்கயிறு போல ஓடும் முக்கால் இன்ச் பிளேடைவிட, விறைப்பாக நிற்கும் அரை இன்ச் பிளேடு நேராக அறுக்கும். பிளேடை ஆடாமல் பிடிக்கும் மேல் கைடை மேசையிலிருந்து ஆறு இன்ச் உயர்த்தி வைத்து, மெஷின் நின்றிருக்கும்போது பிளேடைப் பக்கவாட்டில் ஒரு விரலால் ஓரளவு அழுத்திப் பார். கால் இன்ச்சுக்கு மேல் நகர்ந்தால் இழுவிசை போதாது.

மோட்டார் ஒன்றரை ஹெச்பியாவது இருக்கட்டும். வளைவு வெட்ட அவ்வளவு தேவையில்லை. எட்டு இன்ச் உயரத் தேக்கைப் பிளக்கும்போது ஒரு ஹெச்பி மூச்சுத் திணறும்.

பல் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பல் நெருக்கமாக இருந்தால் வெட்டு வழவழப்பாக வரும் என்று நினைத்து, கெட்டி மரத்துக்கும் அதையே மாட்டுகிறார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள குழிதான் மரத்தூளை வெளியே சுமந்து வர வேண்டும். ஆறு இன்ச் உயர மரத்தில் இன்ச்சுக்கு மூன்று பல் என்றாலும் 18 பல் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும். குழி சின்னதானால் தூள் அடைத்துக்கொண்டு பிளேடு சூடேறும், உள்ளுக்குள் வயிறு தள்ளி வளைந்து போகும். பலகையின் மேல்பக்கம் கோட்டில் இருக்கும், நடுவில் குழிந்திருக்கும். அதனால் பலகை பிளக்க அரை இன்ச் அகலம், இன்ச்சுக்கு மூன்று பல். வளைவுக்குக் கால் இன்ச் அகலம், ஆறு பல். கால் இன்ச் பிளேடு ஐந்தெட்டு இன்ச் ஆரம் வரை திரும்பும். அரை இன்ச் பிளேடு இரண்டரை இன்ச் ஆரத்துக்குக் கீழே திரும்பாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே நீ வெகுகாலம் வேலை செய்யலாம். மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல பிளேடுகளுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்கு மெஷின் பார்.

நம் பக்கத்து மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்கைப் போல நன்றாகக் காய்ந்த மரம் புதிதாக வாங்கினால் கிடைப்பது அரிது. அதை அடுப்புக்குப் போகவிடாமல் நீ மேசையும் நாற்காலியுமாக ஆக்க நினைப்பது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா! ஆனால் தேக்கின் உள்ளேயே மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. சாதாரணக் கார்பன் எஃகு பிளேடு அதில் சீக்கிரம் மழுங்கும். பைமெட்டல் பிளேடு விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். பழைய உத்தரத்தில் சுண்ணாம்பும் மண்ணும் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் மேசையில் ஏற்றாதே. ஆணியோ தலை முறிந்து மரத்துக்குள்ளேயே மறைந்திருக்கும். காந்தத்தை மட்டும் நம்பாமல், கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி நாலு பக்கமும் ஓட்டிப் பார். ஒரே ஒரு ஆணி புதுப் பிளேடைக் குப்பைக்கு அனுப்பிவிடும்.

அந்த 18 இன்ச் பழைய மெஷின் மீது உனக்கு ஆசை இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. கெட்ட மெஷின் இல்லை. ஆனால் அதில் இருப்பது மூன்று ஃபேஸ் மோட்டார். உன் வீட்டில் ஒற்றை ஃபேஸ். மோட்டாரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றை ஃபேஸை மூன்றாக்கித் தரும் விஎஃப்டி வைக்க வேண்டும். அந்தச் செலவையும் ஏற்றுவண்டிக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார். அதற்குப் பிறகும் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீலைக் கையால் சுற்று. தள்ளாட்டம் இருக்கிறதா, பேரிங் கரகரக்கிறதா என்று கவனி. வீலின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்புச் சட்டத்தில் வெல்டு வைத்த தழும்பு தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் வேலையில் பாதிக்கு மேல் பிளைவுட் அலமாரிதானா? அப்படியென்றால் பேண்ட் சாவை இப்போது வாங்கவே வேண்டாம். எட்டடிக்கு நாலடி ஷீட்டை நேராக வெட்ட, கைடு ரயிலோடு சர்குலர் சா வாங்கிக்கொள். கெட்டி மரமும் வளைவும் உன் கைக்கு வந்த பிறகு பேண்ட் சாவை வாங்கலாம்.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை அனுப்ப எனக்கு மனம் வராது. டேபிள் சா போலப் பேண்ட் சா மரத்தை உன் மேல் தூக்கி எறியாது. பல் கீழ்நோக்கியே வெட்டுவதால் மரம் மேசையோடு அழுந்தி நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் விரல் போகிறது. இறைச்சிக் கூடங்களில் எலும்பை வெட்டுவதும் இதே ஜாதி மெஷின்தான் என்பதை மறக்காதே. மேல் கைடை மரத்துக்குக் கால் இன்ச் மேலே மட்டும் வைத்து, மீதி பிளேடு மூடியிருக்கும்படி பார்த்துக்கொள். கடைசி நாலு இன்ச்சைத் தள்ளுகட்டையால் தள்ளு. உருண்டைக் கட்டையை அப்படியே மேசையில் வைத்து வெட்டவே கூடாது. பிளேடு பிடித்ததும் அது உருண்டு உன் கையையும் இழுத்துக்கொள்ளும். அடியில் ஒரு பலகையில் திருகி, அசையாமல் செய்த பிறகு வெட்டு. துப்பட்டா, வளையல், கையுறை மூன்றும் வேண்டாம். கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள். சுவிட்சை அணைத்த பிறகும் வீல் சிறிது நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நிற்கும்வரை அங்கேயே நில்.

மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நாலு இன்ச் குழாய் மாட்டும் வாய் மெஷினில் இருக்கிறதா என்று பார். தூள் உறிஞ்சியைப் பிறகு வாங்கினாலும் என்-95 முகக்கவசத்தை முதல் நாளே வாங்கு.

கடைக்குப் போகும்போது ஆறு இன்ச் அகலமும் ஒரு அடி நீளமும் உள்ள தேக்குத் துண்டு ஒன்றை எடுத்துப் போ. ஆறு இன்ச் பக்கம் உயரமாக வரும்படி நிறுத்தி, கால் இன்ச் கனத்துக்கு ஒரு பலகை சீவித் தரச் சொல். அந்தப் பலகையின் மேலும் கீழும் நடுவிலும் கனத்தை வெர்னியர் வைத்து அளந்து, அளவுகளை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. நான் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம். ஷெட்டுக்குத் தனி வயர் இழுத்து 16 ஆம்ப் பிளக் போடுவது பற்றி அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தப்பா