கில்லாரியில் நிலம் ஆடியது

மராட்டிய மாநிலத்தில் லாத்தூர் மாவட்டம். அங்கே கில்லாரி என்று ஓர் ஊர். மேலே கரிசல் மண். அடியில் கறுத்த, கெட்டியான பாறை.

1993 செப்டம்பர் 29. பிள்ளையாரை நீரில் கரைக்கும் நாள். ஊர்வலம் போய்வந்த மக்கள் களைத்துப் படுத்தார்கள். மறுநாள் விடியுமுன், நாலு மணிக்குச் சற்று முன்பு, நிலம் ஆடியது. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கில்லாரியும் சுற்றுக் கிராமங்களும் இடிந்து விழுந்தன. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள்.

இமயமலைப் பக்கம் பூகம்பம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கில்லாரியை யாரும் நினைக்கவில்லை. அன்றைய வரைபடத்தில் அது ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். (2002-ல் வரைபடத்தைத் திருத்தினார்கள். அப்படி ஒரு மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள்.)

எங்கள் மையத்தில் ஓர் அக்கா கேட்டார்: "கெட்டிப் பாறை எப்படித் தம்பி ஆடும்?"

நல்ல கேள்வி. நம் நாடு ஒரு பெரிய பாறைத் தட்டின் மேல் இருக்கிறது. அந்தத் தட்டு மெதுவாக வடக்கே நகர்கிறது. ஆண்டுக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர்தான். வடக்கே ஆசியாவின் தட்டு தடுக்கிறது. இரண்டும் மோதித்தான் இமயமலை எழுந்தது. அந்த நெருக்கல் இமயமலையோடு நிற்பதில்லை. தெற்கே உள்ள பாறையையும் நெருக்குகிறது.

பழைய பாறையில் பழைய பிளவுகள் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். மண் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்த பானையை இரு கையாலும் அழுத்துங்கள். எங்கே விடும்? கீறலில்தான். பாறையும் அப்படித்தான். நெருக்கல் தாங்காத நாளில் பிளவின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் வழுக்குகிறது. நிலம் குலுங்குகிறது. விஞ்ஞானிகள் பின்னர் கில்லாரியில் துளை போட்டுப் பார்த்தார்கள். அங்கே பாறை முன்பும் நழுவிய அடையாளம் இருந்தது.

"எப்போது வரும் என்று முன்னாலே சொல்ல முடியாதா?" என்றார் அக்கா. முடியாது. 1992-லேயே கில்லாரியில் சிறு அதிர்வுகள் வந்தன. பிறகு அடங்கின. சிறு அதிர்வு வந்த எல்லா ஊரிலும் பெரியது வருவதில்லை.

ஆனால் இத்தனை பேர் இறந்தது ஏன் என்று சொல்ல முடியும். அங்கே சுவர்கள் மிகத் தடிமன். உள்ளே ஒரு வரிசைக் கல், வெளியே ஒரு வரிசைக் கல், நடுவே மண்ணும் சில்லும். இரண்டு வரிசையையும் பிணைக்க ஒன்றுமில்லை. கூரையில் வெயிலுக்காகத் தடிமனாக மண். ஆடியதும் சுவர் இரண்டாகப் பிரிந்தது. கல்லும் மண்ணும் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. கனமில்லாத குடிசையில் படுத்திருந்த ஏழைகள் பலர் பிழைத்தார்கள்.

பின்னர் அங்கே பழைய வீடுகளைப் பலப்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். கூரை மண்ணைக் குறைத்தார்கள். சுவரில் இங்கங்கே துளை போட்டு, உள்ளிருந்து வெளிவரை கம்பியும் கான்கிரீட்டும் வைத்து இரண்டு வரிசையையும் பிணைத்தார்கள். புதிதாகக் கட்டுபவர்கள் சுவரின் முழு அகலத்துக்கும் நீண்ட கற்களை இடையிடையே வைக்கலாம். கதவு, ஜன்னலுக்கு மேலே வீட்டைச் சுற்றி ஒரே கான்கிரீட் பட்டை ஓடவேண்டும். எந்த மூலையிலும் அது அறுபடக் கூடாது. அஸ்திவாரம் போடும் முன்பே கொத்தனாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.