தம்போய் ஒரு வசைச்சொல்லா?

"சும்மா இரு, இல்லேன்னா தம்போய்க்கு அனுப்பிடுவாங்க!" ஜொகூரில் வளர்ந்த நம்மில் பலர் இதைக் கேட்டிருப்போம், சிலர் சொல்லியும் இருப்போம். பேராக்கில் இதே கிண்டலுக்கு 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பார்கள். சென்னைக்காரர்கள் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். மூன்று ஊரிலும் மனநல மருத்துவமனை இருப்பதுதான் காரணம். கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. தஞ்சோங் ரம்புத்தான் 1911-இலும், தம்போய் 1937-இலும் வந்தவை.

அரசாங்கம் பெயர்களை மாற்றிப் பார்த்தது. தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது இன்று 'பஹாகியா' மருத்துவமனை, அதாவது மகிழ்ச்சி. தம்போயில் இருப்பது 'பெர்மாய்', அதாவது இனிமை. பெயர் மாறியது, நம்ம வாய் மாறவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போகிறவரை யாரும் கேலி செய்வதில்லை. தூக்கமே வராமல் மூன்று மாதம் தவிப்பவர் மட்டும், "யாராச்சும் பார்த்துட்டா?" என்று பயந்து பெர்மாய் வாசலுக்கே போகாமல் இருக்கிறார். ஒரு கிண்டல் ஒருவருடைய சிகிச்சையை வருஷக்கணக்கில் தள்ளிப்போட வைக்கும். இந்தப் பாடத்தின் மையம் இதுதான்: மனநலம் தனி ஆளின் தலைக்குள் மட்டும் தீர்மானமாவதில்லை. சட்டம், வேலை, வீடு, பேச்சு என்று நாம் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடுகளும் அதைத் தீர்மானிக்கின்றன.

1. சட்டம் வாயை அடைக்கும், திறக்கவும் செய்யும்

நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்கலாம் என்றது. வீட்டில் ஒருவர் அந்த நிலைக்குப் போய்விட்டால் எந்தக் குடும்பம் உண்மையைச் சொல்லத் துணியும்? உதவி தேவைப்பட்டவர் குற்றவாளி ஆனார். 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. இலங்கை 1998-இலேயே இதைச் செய்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2020-இல் மாறியது. ஆனால் சட்டம் மாறியதால் மட்டும் பேச்சு மாறிவிடாது. "கோழை", "குடும்ப மானத்தை வாங்கிட்டான்" என்ற சொற்களை நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை இல்லை, நம்ம வேலை.

2. தோட்டம் போச்சு, உறவு எங்கே போச்சு?

ஜொகூர் பாருவைச் சுற்றியிருந்த பல தோட்டங்கள் இன்று தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் இருக்கின்றன. தோட்ட வாழ்க்கை சொர்க்கமாக இருந்ததில்லை. குறைந்த கூலி, கள்ளுக்கடை, கிராணிக்குப் பயம் எல்லாம் இருந்தது. ஆனால் லயத்து வீட்டில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வராவிட்டால் மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். கோவில், தமிழ்ப்பள்ளி, திருவிழா எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. தோட்டம் துண்டாடப்பட்டபோது மக்கள் வேலையை மட்டும் இழக்கவில்லை, கதவைத் தட்டும் ஆளையும் இழந்தார்கள்.

இன்று நம் பக்கத்தில் பலருடைய நாள் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்குகிறது. மோட்டாரில் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலை, இரவில் மறுபடியும் நெரிசல். சம்பளம் கைக்கு வருகிறது, அப்பாவைப் பிள்ளைகள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால் யார் கவனிப்பார்? "போன் பார்த்துப் பார்த்து இப்படி ஆயிட்டான்" என்று பழியை அவன் தலையில் போடுவது சுலபம். 2022-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. நாலில் ஒருவர் என்றால் அது ஒரு வீட்டு வளர்ப்புக் குறை இல்லை, ஊர்ப் பிரச்சினை.

3. ஒரே நம்பிக்கை, இரண்டு முடிவு

2001 ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பல மதத்துக் குடும்பங்கள். தெய்வம் குணமாக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, அதே தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரை, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் டாக்டர் ரகுராம் குழு ஆராய்ந்தது. அங்கே சங்கிலி இல்லை, கட்டணம் இல்லை. உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும். கோவிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகளில் நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் சில வாரங்கள் தங்கினார்கள். நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. முடிவுகள் 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன.

இதைப் படித்துவிட்டு "அப்போ மருந்து வேணாம், கோவில் போதும்" என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அது சின்ன ஆய்வு, கோவிலுக்கு வராத நோயாளிகளோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. விசேஷமான சடங்கு எதுவும் அங்கே நடக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பயமில்லாத இடம், கூட ஒரு சொந்தம், கையில் ஒரு வேலை: இந்த மூன்றும் மனிதரைத் தாங்கியிருக்கலாம். இரண்டு இடத்திலும் நம்பிக்கை இருந்தது. மனிதரை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

4. நாம் செய்யக்கூடியவை

• தம்போய், பைத்தியம் என்ற சொற்களைக் கிண்டலுக்குப் பயன்படுத்துவதை நம் கிளையிலிருந்தே நிறுத்துவோம்.

• நண்பர் மனம் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "சாமி கும்பிடு, சரியாயிடும்" என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். அவருக்குப் பிரார்த்தனை பிடித்தால் கூடவே உட்காருங்கள். அதன்பிறகு அரசாங்க கிளினிக்குக்கும் கூடவே போங்கள்.

• "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மறைத்து வைத்திருந்தவருக்குப் பேச வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். ஹீல் உதவி எண் 15555, பிரெண்டர்ஸ் 03-7627 2929. உடனடி ஆபத்து என்றால் 999.

• டாக்டர் தந்த மருந்தைத் தானாக நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

• சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கோவிலில் ஒரு பொறுப்பு கொடுங்கள். அன்னதானத்தில் பரிமாறுவதோ, தேவார வகுப்பில் பாய் விரிப்பதோ போதும். பரிதாபப்பட்டு அல்ல, நம்மில் ஒருவர் என்பதற்காக.

கலந்துரையாட

1. உங்கள் தாமானில் ஒருவர் ஒரு வாரம் வெளியே வராவிட்டால் யார் கதவைத் தட்டுவார்? யாரும் இல்லை என்றால் நம் கிளை என்ன செய்யலாம்?

2. எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? மதிப்பெண் குறைந்த தங்கச்சிக்கு அது எப்படிக் கேட்கும்?

3. முத்துசாமி கோவிலில் இருந்த மூன்றில் எது நம் கோவிலில் இருக்கிறது, எது இல்லை?

இந்த மாதப் பணி: அண்மையில் கூட்டங்களுக்கு வராமல் போனவர்களின் பெயரை எழுதுங்கள். ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். "ஏன் வரலே?" என்று கேட்காமல், "சாப்பிட்டியா, எப்படி இருக்கே?" என்று ஆரம்பியுங்கள்.