முன்பணம் ஆளைக் கட்டிப்போடாது

பெரிய ஆலைகளில் ஆட்களைக் கவனிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த வேலை இப்போது மனிதவளத் துறை என்ற பெயரில் தனிப் படிப்பாகவே வளர்ந்துவிட்டது. நம் மளிகைக் கடையிலோ எடை போட ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர், வீடுகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர், குடோனில் ஒருவர் என்று நாலே பேர். இந்த நாலு பேருக்கும் முதலாளியும் நாம்தான், மனிதவள அதிகாரியும் நாம்தான். முதலாவது வேலை நமக்குக் கைவந்தது. இரண்டாவதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் வரும் நஷ்டம் சிறிதல்ல. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆறு வருஷம் பழகிய ஆள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த வீட்டுக்கு எந்தப் பருப்பு பிடிக்கும், யார் சம்பளம் வாங்கிய அன்றே பாக்கி தீர்ப்பார்கள், யாரிடம் நாலு தடவை நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. நம் கடன் சிட்டையில் இருக்கும் வாடிக்கைகளில் சிலரும் அவர் பின்னால் போவார்கள்.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் முன்பணம். அதன் பலன் என்ன என்பதை அறிய வெளியூர் போக வேண்டியதில்லை. குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளே பாடம். ஆள் சேரும்போது ஒரு தொகை கொடுப்பது, அது தீரும்வரை அவர் வேறு பட்டறைக்குப் போகக் கூடாது என்பது இங்கே நெடுநாள் வழக்கம். ‘பாக்கி’ என்று அதற்குப் பெயர். 1990-களின் நடுவில் பவானியிலும் குமாரபாளையத்திலும் தங்கி இதை ஆராய்ந்தவர் கீர்ட் டி நெவ் என்னும் மானிடவியல் ஆய்வாளர். ஆளை நிறுத்திவைக்கக் கொடுத்த பாக்கி, நினைத்தபடி ஆளை நிறுத்தவில்லை என்பது அவர் கண்டது. ஆள் பற்றாக்குறை வந்தால் அடுத்த பட்டறைக்காரர் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கூடுதலாகவும் கொடுத்து அழைத்துக்கொள்வார். கட்டுக்கயிறு என்று கொடுத்த பணம் அடுத்த இடத்துக்குப் போக வண்டிச் சத்தமாக ஆகிவிடுகிறது! தொகை வருஷா வருஷம் ஏறியதுதான் மிச்சம்.

சிலர் இன்னும் ஒரு படி போய், கடனைத் தீர்க்காமல் நகரக் கூடாது என்று மிரட்டுவதுண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. கடனைக் காட்டி ஒருவரை வேலையில் நிறுத்திவைப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதை வணிக அன்பர்கள் மறந்துவிடலாகாது.

இரண்டாவது வைத்தியம் உறவு கொண்டாடுவது. “நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி, நமக்குள்ளே என்ன கணக்கு?” என்று சொல்லாத முதலாளி குறைவு. முதலாளிகள் ஆட்களைச் சொந்தக்காரர் என்று அழைத்து, அந்த உரிமையில் வேலை வாங்கப் பார்ப்பதைப் பற்றியும் அதே ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அதுவும் நிலைக்கவில்லை என்பதே அவர் முடிவு. காரணம் நமக்கே தெரியும். ‘வீட்டுப் பிள்ளை’ என்ற சொல், கூடுதல் நேரம் நிற்க வேண்டிய நாளில் மட்டும் வருகிறது. சம்பள உயர்வு கேட்கும் நாளில் அவர் சிப்பந்தி ஆகிவிடுகிறார். சிப்பந்தி இதைக் கவனிக்காமல் இருப்பாரா?

அப்படியானால் எதை நம்பி ஒருவர் நம்மிடம் நிற்பார்? முதலாளி நாளைக்கு என்ன செய்வார் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். சம்பளம் எந்தத் தேதி, லீவு எந்த நாள், தப்பு நடந்தால் என்ன நடக்கும் என்பவை முதலாளியின் மனநிலைக்குத் தக்கபடி மாறாமல் இருந்தால் நம்பிக்கை தானாக வளரும்.

கணக்கில் தொடங்குவது நல்லது. சிப்பந்தி அவ்வப்போது கை நீட்டி வாங்கும் சில்லறைத் தொகை, கடையிலிருந்து எடுத்துப் போகும் அரிசி, எண்ணெய் எல்லாம் நம் பேரேட்டில் மட்டும் ஏறுகிறது. மாசக் கடைசியில் “உனக்கு இவ்வளவுதான்” என்றால், கணக்குச் சரியாகவே இருந்தாலும் அவருக்குச் சந்தேகம் வரும். இரண்டு சிறு நோட்டுகள் போதும். ஒன்று அவரிடம், ஒன்று நம்மிடம். வாரம் ஒரு நாள் கடை சாத்தும் முன் இரண்டையும் ஒத்துப் பார்த்து இருவரும் கையெழுத்துப் போடலாம். வீட்டுக்கு எடுக்கும் சரக்கு கொள்முதல் விலையிலா, விற்பனை விலையிலா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். இந்த ஒன்றைப் பேசாமல் விட்டதால் வரும் மனஸ்தாபம் கொஞ்சமல்ல.

அடுத்தது கல்லாவில் பணம் குறையும் நாள். நம்பிக்கை வளர்வதும் முறிவதும் பெரும்பாலும் அன்றுதான். ராத்திரி எண்ணிப் பார்த்தால் ரூ.500 குறைகிறது. உடனே, “மத்தியானம் கல்லாவில் யார் உட்கார்ந்தது?” என்று வாடிக்கையாளர் காதில் விழும்படி கேட்டுவிடுகிறோம். கேட்ட குரலிலேயே தீர்ப்பும் இருக்கிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியவை எத்தனையோ உண்டு. மூட்டை இறக்கியவருக்குக் கொடுத்த கூலி எழுதப்பட்டதா? மண்டிக்காரர் வசூலுக்கு வந்து போனாரா? செல்போன் மூலம் வந்த பணத்தை ரொக்க விற்பனையோடு சேர்த்துக் கூட்டிவிட்டோமா? இப்போது பெரும்பாலான கடைகளில் குழப்பம் இங்கேதான். பிறகு, சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: நம் வீட்டுப் பையன் சீட்டு எழுதாமல் கல்லாவில் கை விட்டானா?

இவ்வளவும் பார்த்த பிறகும் குறைந்தால் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்கலாம். மறுநாள் கணக்கு நேராகிவிட்டால், “பணம் கிடைத்துவிட்டது, பிசகு என் எழுத்தில்தான்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். சந்தேகத்தைச் சபையில் சொல்லிவிட்டு, விடுதலையை மட்டும் காதோடு சொல்வது நியாயமில்லை. சிப்பந்தி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வது முந்தின நாள் அவமானத்தை மட்டும்தான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. எடையில் கொஞ்சம் கைவைக்கச் சொல்லும் முதலாளி, வாடிக்கையாளரை ஏமாற்றலாம் என்று சிப்பந்திக்குத் தானே பாடம் எடுக்கிறார். அந்தப் பாடம் தன் கல்லாவுக்குப் பொருந்தாது என்று அவர் எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

உட்கார இடம் கொடுப்பதைப் பலரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். கடைகளில் வேலை செய்வோர் இடையிடையே உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் 2021 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என்பது 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்திலேயே உண்டு. இன்ஸ்பெக்டர் வந்து சொன்ன பிறகு போடும் ஸ்டூலுக்கும், நாமாகவே போட்டு “கூட்டமில்லாதபோது உட்காருங்க” என்று சொல்லும் ஸ்டூலுக்கும் விலை ஒன்றுதான். சிப்பந்தி மனதில் இரண்டும் ஒன்றல்ல.

குடும்ப நலம் விசாரிப்பதிலும் ஓர் அளவு உண்டு. பெண்ணுக்குப் பரீட்சை எப்போது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று நினைவு வைத்துக் கேட்பது அன்பு. அவர் வீட்டுச் சண்டையைத் தோண்டிக் கேட்பது அன்பல்ல. அவர் நம்பிச் சொன்னதை நாம் டீக்கடையில் சொன்னால், அது அன்று சாயங்காலமே அவர் காதுக்கு வந்துவிடும். நம் ஊர் அவ்வளவு சின்னது.

வேலையாட்கள் ஒரு வியாபாரியை நம்பினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வர்க்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் பக்கம் வியாபாரம் செய்துவந்தவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். ஆலையில் வாய் திறக்க முடியாத தொழிலாளர்கள் தங்கள் குறைகளை இவர்களிடம் சொன்னார்கள். மதிய உணவுக்குப் போதிய நேரமில்லை, மேஸ்திரிகள் அடிக்கிறார்கள் என்பவை அந்தக் குறைகளில் சில. இருவரும் கேட்டதோடு நிற்கவில்லை. ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் பி.பி. வாடியாவைச் சந்தித்து அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

ஆலை நிர்வாகத்துக்குக் கேட்காத குறை, பக்கத்து வியாபாரிக்குக் கேட்டது எப்படி? நிர்வாகத்துக்கும் ஆளுக்கும் நடுவே மேஸ்திரி நின்றார். மொத்த வியாபார மண்டிகளில் இன்றும் கணக்குப்பிள்ளையோ மூத்த சிப்பந்தியோ அந்த இடத்தில் நிற்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் தன்னைப் பற்றிய புகாரை அவரே முதலாளியிடம் கொண்டுவருவார் என்று எதிர்பார்க்க முடியுமா? ஆகவே மாதம் ஒரு முறை ஒவ்வோர் ஆளிடமும் மூத்தவர் இல்லாத நேரத்தில் பத்து நிமிஷம் பேசலாம். சாயங்கால வியாபாரம் சூடுபிடிக்கும் முன், மூன்று மணி வாக்கில் இதற்கு நேரம் கிடைக்கும். “வேலையில் எது கஷ்டம்?” என்ற ஒரு கேள்வி போதும். முதல் இரண்டு மாதம் “ஒன்றுமில்லைங்க அண்ணா” என்ற பதில்தான் வரும். மூன்றாம் மாதம், குடோன் விளக்கு எரியவில்லை என்பது மாதிரி ஒரு சின்னக் குறை வரும். அந்த விளக்கை அன்றே மாற்றிவிட வேண்டும். அவர் அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த குறையைச் சொல்வார்.