தேறினவர்களுக்கு யார் ஜெபிப்பது?

அன்புத் தம்பிக்கு,

குருப்பட்டம் பெற்று முதல் சேகரத்துக்குப் போயிருக்கிறாய். வீடு வீடாகச் சந்தித்து, ஜெபத்துக்கென்று ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வருவதாகச் சொல்லியிருந்தாய். மகிழ்ச்சி. அதில் யாரார் இருப்பார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். வேலை கிடைக்காத பையன்கள், குடியை விட முடியாத தகப்பன்மார், வரன் அமையாத பெண்கள், டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்கள், கோயில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டவர்கள். ஒருவர் பெயரையும் நீ அடிக்க வேண்டாம். ஆனால் ஆராதனைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து முழங்காலில் இருக்கிற பெரியம்மா, தலைமுறை தலைமுறையாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர், நீ பிரசங்கத்தில் திணறும்போது கண்ணை மூடி உனக்காக ஜெபிக்கிற மூப்பர், இவர்கள் பெயர் அந்த நோட்டில் இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். ‘அவங்களுக்கென்ன, அவங்கதானே நமக்காக ஜெபிக்கிறவங்க’ என்று எந்தச் சபையிலும் சொல்லிவிடுகிறோம்.

பவுலின் வழக்கம் வேறு. எபேசியருக்கு எழுதும்போது, அவர்களுடைய விசுவாசத்தையும் பரிசுத்தவான்கள் மேல் அவர்கள் வைத்த அன்பையும் கேள்விப்பட்டேன், அதனால் ஓயாமல் ஜெபிக்கிறேன் என்கிறார். ஒருவர் விசுவாசத்தில் நன்றாக இருக்கிறார் என்று காதில் விழுந்தால், நாம் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகிறோம். பவுலுக்கோ அதுதான் ஜெபிக்கத் தொடங்கும் இடம். கொலோசெ சபையை அவர் கண்ணால் கண்டதுகூட இல்லை. அந்த ஊர்க்காரனான எப்பாப்பிரா சொன்ன நல்ல செய்தியைக் கேட்ட நாள் முதல் விடாமல் ஜெபித்திருக்கிறார். எப்பாப்பிராவும் தன் ஊர் ஜனங்கள் தேறினவர்களாக நிலைநிற்க வேண்டுமென்று ஜெபத்தில் போராடுகிறவன் என்று கொலோசெயர் நிருபத்தின் கடைசியில் பவுல் சாட்சி கொடுக்கிறார். விழுந்து கிடப்பவர்களுக்காகப் போராடுவது நமக்குப் புரிகிறது. நின்றுகொண்டிருப்பவர்களுக்காகவும் இப்படி ஒருவன் போராடியிருக்கிறானே, அதை யோசித்துப் பார்.

அந்த ஜெபங்களில் பவுல் கேட்பது என்ன என்றும் கவனி. பிலிப்பி சபையார் தாராளமான கை உள்ளவர்கள். பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதே ஒரு தடவைக்கு மேல் உதவி அனுப்பினவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு, அன்பு இன்னும் பெருகட்டும், அறிவோடும் உணர்வோடும் பெருகட்டும், எது மேன்மையானது என்று பகுத்தறியட்டும் என்று கேட்கிறார். இது முதிர்ந்தவர்களின் கஷ்டம் தெரிந்த ஆள் செய்கிற ஜெபம், தம்பி. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனுக்கு நல்லதா கெட்டதா என்பதுதான் போராட்டம். மூப்பருக்கு அந்தச் சண்டை பெரும்பாலும் முடிந்துவிட்டது. அவரைத் தின்பது நல்ல காரியங்கள்தான். எல்லாக் கமிட்டியிலும் அவர் பெயர் இருக்கும். யார் கேட்டாலும் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். சபையில் சண்டை என்றால் இரண்டு கட்சியும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். இதில் எதைக் கையில் எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் களைத்துப்போவார். வெளியே சொல்லவும் மாட்டார். அவருக்கு இந்தப் பகுத்தறிவைக் கேள். பெயர் சொல்லிக் கேள்.

கொலோசெயருக்காகக் கர்த்தருடைய வல்லமையைக் கேட்கிறார் பவுல். அற்புதம் நடக்க அல்ல, சந்தோஷத்தோடு பொறுமையாய் இருக்க. டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் மரிக்கும்வரை அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது. அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்கு வழி சொன்னார். எழுந்து நடமாட முடியாமல் ஏறத்தாழ இருபது வருஷம் வலியோடு இருப்பவருக்கு எவ்வளவு வல்லமை வேண்டும்! உன் சேகரத்திலும் அப்படி ஒருவர் படுக்கையில் இருப்பார். அவரைப் பார்க்கப் போகிற எல்லாரும் ஆறுதல் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது அவருக்கு ஆறுதல் கிடைக்கவேண்டும் என்று கேட்கிறவர் யார்?

இந்த விஷயத்தில் எனக்குப் பயம் உண்டாக்குகிறவன் யூதாவின் ராஜா ஆசா. விக்கிரகங்களை அகற்றினவன். தோப்பிலே அருவருப்பான விக்கிரகத்தை உண்டாக்கின மாகாள் என்ற ராஜாத்தியையே பதவியிலிருந்து இறக்கினவன். எத்தியோப்பியரின் பெருஞ்சேனை எதிரே நின்றபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயித்தவன். அவனே ஆளுகையின் 36-ஆம் வருஷத்தில், ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் கொடுத்துச் சீரியாவின் ராஜாவைத் துணைக்கு அழைத்தான். கண்டித்த தீர்க்கதரிசியைக் காவலில் போட்டான். 39-ஆம் வருஷத்தில் கால்களில் வியாதி வந்தபோதும் கர்த்தரைத் தேடவில்லை. அதற்கு முந்தின அத்தனை வருஷ உண்மையும் பொய்யல்ல. ஆனால் பழைய ஜெயங்கள் கடைசி வருஷங்களைத் தாங்கவில்லை. பக்தியில் மூத்தவர்களின் வீழ்ச்சி பல நேரம் இப்படித்தான் வருகிறது. பெரிய பாவமாக வராது. யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்கிற எரிச்சலாக வரும். கண்டிக்கிற வாயைப் பிடிக்காமல் போவதாக வரும். இதற்காக ஜெபிப்பது அவர்களைச் சந்தேகப்படுவதாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு மூப்பர் மனைவியை அடக்கம்பண்ணின பிறகு பல மாதம் ஜெபிக்க வார்த்தை வராமல் இருந்தார். வேதபாட வகுப்பை ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. நான் தற்செயலாகக் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் அது வெளியே வந்தது. ஆகையால் இவர்களிடம் ‘ஜெபக் குறிப்பு ஏதாவது இருக்கா ஐயா’ என்று கேட்காதே. பேரனின் விசாவைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘இப்போ உங்களால ஜெபிக்க முடியுதா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு. சொன்னதை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் போட்டு உடைக்காதே. அவர்களை வைத்துக்கொண்டு, ‘சபையின் தூணாகிய எங்கள் ஐயாவுக்காக ஸ்தோத்திரம்’ என்றும் ஆரம்பிக்காதே. அது ஜெபமல்ல, பொன்னாடை. அதற்குப் பிறகு அவர் உன்னிடம் எந்தப் பலவீனத்தையும் சொல்லமாட்டார்.

வயதில் மூத்தவர்களுக்கு நாம் எப்படி ஜெபிப்பது என்று கூச்சமாயிருக்கும். பேதுரு மற்றவர்களைத் தாங்கவேண்டியவன். அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசுவே வேண்டிக்கொண்டார். சாத்தானால் அவன் புடைக்கப்படுவது நிற்கவில்லை, விசுவாசமோ மிஞ்சியது. பவுலும் தன்னிலும் இளைய விசுவாசிகளிடமே தனக்காக ஜெபிக்கச் சொன்னார். எபேசியரிடம் கேட்டபோது அவர் சங்கிலியில் இருந்தார். சங்கிலியைக் கழற்ற ஜெபியுங்கள் என்று அங்கே கேட்கவில்லை, பேசவேண்டியபடி தைரியமாய்ப் பேச வேண்டும் என்றுதான் கேட்டார்.

எனக்காகவும் ஜெபி. சுகத்துக்காக ஜெபிக்க வீட்டில் பலர் இருக்கிறார்கள். இளையவர்கள் என்னைத் திருத்தும்போது முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும், அதற்காக ஜெபி. வேதத்தைப் பிரசங்கத்துக்காகத் திறந்தே பழகிப்போன இந்தக் கண்களுக்கு, பிரசங்கம் இல்லாத நாளிலும் பசி வேண்டும். பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா. இரண்டையும் பற்றி நேரிலேயே விசாரி.

கர்த்தருக்குள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஒரு குருவானவர்