லண்டன் எல்.எல்.பி. படிப்பு

"பையன் சட்டம் படிக்க ஆசைப்படுகிறான். சீமைக்கு அனுப்ப வசதியில்லை. மலேசியாவில் இருந்தபடியே லண்டன் பட்டம் வாங்கலாமாமே, உண்மைதானா?" என்று நமது வியாபாரச் சகோதரர்கள் பலர் கேட்கின்றனர். உண்மைதான். ஆயினும் அவ்வுண்மையில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுவோர் இருப்பதால், மறு பாதியையும் சேர்த்து எழுதுகிறோம். நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே கண்டவர்கள். விசாரித்தும், பாடப் புஸ்தகங்களைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்டும் அறிந்ததே இது.

லண்டன் சர்வகலாசாலை 1858-ம் வருஷத்திலேயே, தன் கல்லூரிகளில் சேராதவர்களும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற வழி திறந்துவிட்டது. நம் ஊர்களில் 'எக்ஸ்டர்னல்' பட்டம் என்று பெயர் வழங்கியது இதற்குத்தான். எல்.எல்.பி.க்குச் சாதாரணமாகப் பன்னிரண்டு பாடங்கள். மூன்று முதல் ஆறு வருஷத்திற்குள் முடிக்க வேண்டும். பாடத்திட்டமும் பரீட்சையும் லண்டனுடையவை. சொல்லிக்கொடுப்பது உள்ளூர்த் தனியார் கல்லூரி. இல்லையேல் மாணவன் தானே படித்துக்கொள்ள வேண்டியது. லண்டனுக்குக் கட்டும் பணம் வேறு, கல்லூரிக்குக் கட்டும் பணம் வேறு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு எப்படிப்பட்டது? முதலில் வரும் பாடங்களுள் ஒன்று ஒப்பந்தச் சட்டம். இது நம் கடைச் சமாச்சாரமே. அலமாரியில் விலைச்சீட்டோடு சாமானை அடுக்கி வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் அதைக் கையில் எடுத்தவுடன் விற்பனை முடிந்துவிட்டதா, கல்லாவில் பணம் வாங்கும்போதுதான் முடிகிறதா? இங்கிலாந்தில் பூட்ஸ் என்னும் மருந்துக் கடையின் மீது வந்த வழக்கில், 1953-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சாமானை அடுக்கி வைப்பது வாங்க வருமாறு அழைப்பதேயாகும். வாங்குகிறேன் என்று கேட்பவர் வாடிக்கையாளர். அதை ஏற்பது கல்லாவில் இருப்பவர். தீர்ப்பை மனனம் செய்தால் மட்டும் மார்க்கு வராது. புதிதாக ஒரு கதையைக் கொடுத்து, இதற்குச் சட்டம் என்ன, ஏன் என்று கேட்பார்கள். கிதாபை ஒப்பிப்பது ஒன்று, மஸ்அலாவுக்கு விடை சொல்வது வேறொன்று என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லண்டன் கற்பிப்பது ஆங்கிலச் சட்டம். மலேசியாவின் 1950-ம் வருஷ ஒப்பந்தச் சட்டமோ 1872-ம் வருஷ இந்தியச் சட்டத்தைப் பின்பற்றியது. நீர் தொலைத்த பணப்பையை ஒருவர் கண்டெடுத்துக் கொண்டுவந்து தருகிறார். பிறகு நீர் அவருக்கு ஐம்பது வெள்ளி தருவதாகச் சொல்கிறீர். ஆங்கிலச் சட்டப்படி அந்த வாக்கு செல்லாது. வேலை முன்னமே முடிந்துவிட்டது என்பார்கள். மலேசியச் சட்டத்தின் 26-வது பிரிவில் இதே பணப்பை உதாரணத்தைக் கொடுத்து, செல்லும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே பையன் பட்டம் வாங்கி வந்த பின்னும் இந்நாட்டுச் சட்டத்தைத் தனியே படித்தாக வேண்டும்.

இப்பொழுது முக்கிய விஷயம். பட்டம் சன்னது ஆகாது. மலேசியாவில் வக்கீலாக வேண்டுமானால், வக்கீல் தகுதி வாரியம் நடத்தும் சி.எல்.பி. பரீட்சையில் ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அதன் பிறகு ஒன்பது மாதம் ஒரு வக்கீலிடம் 'சேம்பரிங்' பழக வேண்டும். எல்.எல்.பி. தேறி இந்தப் பரீட்சையில் நின்றுவிட்டவர்கள் பலர். சிங்கப்பூரிலோ இந்த வெளிவாரிப் பட்டத்தைக் கொண்டு வக்கீலாகப் பதிவு பெற இயலாது. தலாக், பாகப்பிரிவினை சம்பந்தமாக ஷரீஅத் கோர்ட்டில் நிற்க அந்தந்த மாநிலத்தில் தனி அனுமதி பெற வேண்டும். வாரியம் பையனின் பள்ளிப் பரீட்சைத் தேர்ச்சியையும் பார்க்கும். அதனால் முதல் தவணை கட்டுமுன்னே அவனுடைய சான்றிதழ்களின் நகலோடு வாரியத்திற்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி ஏஜண்டின் வாய்ச்சொல் போதாது. மொத்தக் கடையில் ரசீதில்லாமல் மூட்டை எடுப்போமா?

கடைப் பிள்ளைகளுக்கு மற்றொரு கஷ்டம் உண்டு. காலையில் சாமான் இறக்கி, இரவு பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு, அதன்பின் ஒருவன் தீர்ப்பு வாசிக்க உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவான். மகனைக் கல்லாவிலும் வைத்துக்கொண்டு வக்கீலாகவும் பார்க்க நினைக்கும் வாப்பாமார் நம்மிடையே அதிகம். மாலை நேரத்தில் சம்பளத்திற்கு ஓர் ஆள் வைத்துக்கொண்டு பையனை விட்டுவிடுங்கள். அச்சம்பளத்தையும் படிப்புச் செலவோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். அதற்கு வழியில்லையேல், வருஷத்திற்கு இரண்டு மூன்று பாடங்களாக எடுத்து ஐந்தாறு வருஷத்தில் முடிக்கலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. லண்டனில் பெயர் பதிந்துவிட்டதால் பரீட்சைக்கும் பெயர் சேர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு உண்டு. அத்தேதியைக் கடைக் காலண்டரில் இப்பொழுதே குறித்து வையுங்கள்.