சேந்தமங்கலத்திலிருந்து கடலுக்கு: அலைச்சறுக்கு விடுமுறைக்கு 13 குறிப்புகள்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அருவி பக்கம், கடல் தூரம். ஆனாலும் சனி, ஞாயிறு இரண்டு நாள் கிடைத்தால் போதும். குடும்பத்தோடு போய் அலைச்சறுக்கு பழகிவிட்டு வரலாம். கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. நமக்குப் பக்கமான இடம் புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பம். 'செரினிட்டி பீச்' என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் சென்னைக்குத் தெற்கே கோவளம் அல்லது மாமல்லபுரம் போகலாம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில்தான் நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலம் வென்றார்.

2. கோவளத்தில் அறை பதிவு செய்தால் மாவட்டத்தையும் பாருங்கள். கேரளத்தில் ஒரு கோவளம், கன்னியாகுமரி பக்கம் ஒரு கோவளம் உண்டு. உங்களுக்கு வேண்டியது செங்கல்பட்டு மாவட்டக் கோவளம்.

3. புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை நல்லது. அலை சிறிதாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை பெரிதாகும், ஓரளவு பழகியவர்களுக்கு ஏற்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். அப்போது வேண்டாம்.

4. காரில் போனால் ராசிபுரம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ் என்றால் சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் உண்டு. வெள்ளி மதியமே கிளம்பி, இரவு நன்றாகத் தூங்கிவிடுங்கள். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய களைப்போடு கடலில் இறங்கக் கூடாது.

5. காலை 6 மணிக்குக் கரையில் இருங்கள். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பும். அலை கலைந்து ஒழுங்கில்லாமல் வரும். எனவே சனி, ஞாயிறு இரண்டு காலையும் வகுப்புக்கு. மதியம் ஓய்வு, மாலையில் ஊர் சுற்றலாம். நீச்சல் தெரியாத பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் கரையோரம் விளையாட, புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை இருக்கிறது. 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது.

6. பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பலகை வாடகை கட்டணத்தில் சேர்ந்ததா? உயிர்காக்கும் பயிற்சி பெற்றவர் கரையில் இருப்பாரா? கடல் சரியில்லை என்றால் பணம் திரும்ப வருமா? முதல் வகுப்புக்கு மேல்பகுதி மெத்தென்ற ஃபோம் பலகை, எட்டு அல்லது ஒன்பது அடி நீளத்தில் கேளுங்கள். மிதப்பு அதிகம், அடிபடுவது குறைவு.

7. ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகுங்கள். தரையில் பாய் விரித்து, நடுவில் நீளவாக்கில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கோட்டின் மேல் குப்புறப் படுத்து, கைகளை மார்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து, இரண்டு பாதமும் கோட்டுக்குக் குறுக்கே வருமாறு முழங்கால் மடக்கி நில்லுங்கள். பார்வை முன்னால் இருக்க வேண்டும். பாதத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவீர்கள். தினமும் காலை இருபது முறை போதும்.

8. பருத்தி உடை ஈரத்தில் கனத்து, தோலை உரசிப் புண்ணாக்கும். உடம்போடு ஒட்டும் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். சங்கிலி, மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் அறையிலேயே பூட்டி வையுங்கள். அலை உருவிக்கொண்டு போனால் கிடைக்காது.

9. தலைமுடிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் உப்புநீரில் முடி வறளாது. உடம்பில் மட்டும் தேய்க்காதீர்கள், பலகை வழுக்கும். முகம், காது, பிடரிக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவுங்கள்.

10. வழிக்குப் புளிசாதமும் அவித்த நாமக்கல் முட்டையும் கட்டிக்கொள்ளலாம். முட்டையை ஓட்டோடு எடுத்துப்போய் அன்றே சாப்பிட்டுவிடுங்கள். கடலில் இறங்கும் முன் ஒரு வாழைப்பழம் போதும். கரையேறியதும் இளநீர், பிறகு இட்லி.

11. கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கிணற்றுத் தண்ணீர் இழுக்காது, கடல் இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரிகிறதா? பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். அதில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துப்போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரை திரும்புங்கள். முடியாவிட்டால் பலகையைப் பிடித்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்துங்கள். பலகையோடு காலில் கட்டிய கயிறு கடைசி வரை கழலக் கூடாது. பலகை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் வரக் கூடாது. விழும்போது தட்டையாக விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். கருங்கல் கொட்டிய இடத்துக்கு அருகே இறங்கவே வேண்டாம்.

12. சொறி மீன் பட்டால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108. கடலில் ஆள் ஆபத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.

13. காலில் ஒட்டிய மணல் மேல் பேபி பவுடர் தூவித் துடைத்தால் எளிதில் உதிரும். உப்புநீர் பட்ட துணியை அன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியையும் கழுவிவிடுங்கள், துரு பிடிக்காது.

கடைசியாக ஒன்று. அங்கே போனதும் மீனவர்களும் பயிற்சியாளரும் "இன்னைக்குக் கடல் சரியில்லை" என்று சொன்னால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் இறங்காதீர்கள். இன்னொரு வாரம் போய்க்கொள்ளலாம்.