காத்திக் ஃபாண்ட் போடப்போறீங்களா? அக்காவோட டிப்ஸ்!

சர்ச் கல்யாண கார்டில் 'ஹோலி மேட்ரிமனி' என்று கூர்முனையும் சுழிப்புமாக நிற்குமே, அதுதான் காத்திக் எழுத்து. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பெயரும் இந்த ரகம்தான். கம்ப்யூட்டரில் 'ஓல்டு இங்கிலீஷ்' என்று பலருக்கும் பழக்கம். டிசைன் பழகும் தங்கச்சி, தம்பிகளுக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். தாராளமா போடுங்க, ஆனா இதையெல்லாம் கவனிச்சுப் போடுங்க.

1. இரண்டு மூன்று சொல் போதும்
பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய பழைய ஐரோப்பியக் கையெழுத்திலிருந்து வந்தது இது. 1455 வாக்கில் அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பெர்க் பைபிள் முழுவதையும் இந்த ரக எழுத்தில்தான் அச்சிட்டார். அன்றைக்கு அது படிக்கிற எழுத்து. நமக்கோ பழக்கம் விட்டுப்போச்சு. இப்போ அது பார்க்கிற எழுத்து. தலைப்போடு நிறுத்திக்கோங்க.

2. முழுக்க கேப்பிட்டல் வேண்டவே வேண்டாம்
இதில் ஒவ்வொரு பெரிய எழுத்தும் முழு அலங்காரத்தில் நிற்கும் மணப்பெண். பத்துப் பேரை வரிசையா நிறுத்தினா யாருக்குக் கல்யாணம்னே தெரியாது. முதல் எழுத்து மட்டும் பெரிசு, மற்றது சின்ன எழுத்து.

3. பெயரை வேறொருவரிடம் காட்டுங்க
சின்ன எழுத்தில் ஐ, என், எம், யூ எல்லாமே ஒரே மாதிரி நேர்க்கோடுகள்தான். 'மினிமம்' என்று ஆங்கிலத்தில் அடிச்சுப் பாருங்க, 15 கோடுகள் வரிசையா நிற்கும். 'இம்மானுவேல்' மாதிரி பெயர்களிலும் இதே சிக்கல். பெரிய எழுத்தில் ஐ-யும் ஜே-யும் பல ஃபாண்ட்களில் ஒண்ணு போலவே இருக்கும். மாப்பிள்ளை, பொண்ணு பெயரே தெரியாத ஒருத்தரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. தடுமாறினா ஃபாண்டை மாத்திடுங்க.

4. எழுத்துகளைத் தள்ளி வைக்காதீங்க
எழுத்துக்குள்ளே இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் ஏறக்குறைய சமமா இருந்தாத்தான் இதுக்கு அழகு. இடைவெளியைக் கூட்டினா சொல் உதிரி உதிரியா ஆயிடும். இழுத்து நீட்டுவது, ஷேடோ போடுவது இரண்டும் கூடாது.

5. துணைக்கு எளிமையான ஃபாண்ட்
தேதி, நேரம், முகவரி, போன் நம்பர் எல்லாம் டைம்ஸ், கேரமண்ட் மாதிரி சாதுவான எழுத்தில் இருக்கட்டும். காத்திக் ஃபாண்ட்களிலும் சரி, இவற்றிலும் சரி, தமிழ் எழுத்து இருக்காது. தமிழில் அடிச்சா கம்ப்யூட்டர் தானா வேறொரு ஃபாண்டைப் போடும், இல்லேன்னா கட்டம் கட்டமா காட்டும். பட்டையான ஒரு தமிழ் ஃபாண்டை நீங்களே தேர்ந்தெடுத்து, அளவைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்க.

6. நிஜ அளவில் ப்ரூஃப் எடுங்க
ஸ்கிரீனில் பெரிசாக்கிப் பார்த்து ஏமாறாதீங்க. எழுத்தின் மெல்லிய கோடுகள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அடைச்சுக்கும், எம்பிராய்டரியில் காணாமலே போயிடும். தங்க ஃபாயில் போடுறதா இருந்தா கோடு கொஞ்சம் தடிமனான ஃபாண்டா எடுங்க.

7. இடம் பார்த்துப் போடுங்க
சான்றிதழ் தலைப்பு, சர்ச் விழா, ராக் இசைக்குழு டீ-ஷர்ட் எல்லாத்துக்கும் கச்சிதம். மருந்து லேபிள், எச்சரிக்கைப் பலகை, வழிகாட்டிப் பலகை பக்கம் கொண்டுபோகாதீங்க. ஜெர்மன் வாடிக்கையாளர்னா முன்கூட்டியே கேட்டுக்கோங்க. இந்த எழுத்தை நாஜிகளே 1941 ஜனவரியில் கைவிட உத்தரவு போட்டாங்க; இருந்தும் அவங்க ஞாபகம் இதோடு ஒட்டிக்கிட்டு இருக்கு.

8. காசு கொடுக்காமலும் கிடைக்கும்
கூகுள் ஃபாண்ட்ஸில் 'யூனிஃப்ராக்டூர் மகுன்டியா', 'பிராட்டா ஒன்' இரண்டும் இலவசம், வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். வேறு எங்கே இறக்கினாலும் லைசென்ஸைப் படிச்சுட்டு இறக்குங்க.

மொத்தத்தில், ஒரு கார்டுக்கு ஒரே இடத்தில் காத்திக் போடுங்க. இரண்டாவது இடத்தில் போடணும்னு தோணினா, முதல் இடத்தில் இருப்பதை எடுத்துட்டுப் போடுங்க!